ராஜாங்கத்தின் இடது கால்

சின்னசேலத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் ஆளுக்கு ஒரு விதத்தில் பெயர் வந்திருந்தது. ஒருவருக்குக் கட்சியால், ஒருவருக்கு முடியாத வழக்கால், இன்னொருவருக்கு எங்கே போர் போட்டாலும் தண்ணீர் வராததால். ராஜாங்கத்துக்கு ஒரு தகட்டால் வந்தது. அவருடைய டிராக்டரில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய கிளட்ச் தகடே இன்னமும் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை. இதை அவரே சொல்வார். அவர் சொல்ல மறந்த நாளில் ஊரில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் ஒரு பெருமையா என்று டவுன்காரர்கள் கேட்கலாம். மேகம் கூடிக்கொண்டு வரும்போது, பாதி உழுத நிலத்தின் நடுவில், கிளட்ச் கருகி நின்றுவிட்ட வாடகை டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். ஊரில் மற்ற டிராக்டர்கள் சும்மா நிற்கும்போதும் சனங்கள் ராஜாங்கத்துக்காகக் காத்திருந்ததற்கு அதுதான் காரணம். "அவன் கால் வெச்சா வண்டிக்கே தெரியாது" என்பது கொளஞ்சியம்மாள் வழங்கிய சான்றிதழ். மக்காச்சோளம் அடிக்கப் போகும் கூலி ஆட்களுக்குத் தலைவி அவர். சொந்தப் புருஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி ஊர் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் வாயிலிருந்து வந்தது என்பதால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு ஜாஸ்தி.

நிலம் என்று பார்த்தால் ராஜாங்கத்துக்கு ஒன்றரைக் காணி. அதிலும் பாதி பாறை. ஆகவே குடும்பம் சாப்பிட்டது அந்தப் பெயரைத்தான்.

இப்படி இருந்தவர் கார் வாங்கியதற்கு அம்சவள்ளியின் புடவைகள் காரணம். அம்சவள்ளி அவர் மனைவி. கல்யாணம் காட்சி எதுவானாலும் டிராக்டரின் மட்கார்டு மேல் உட்கார்ந்துதான் போய் வந்தார். அதனால் பீரோவில் இருந்த பட்டுப்புடவை ஒவ்வொன்றிலும் இடுப்புக்குக் கீழே ஒரு கிரீஸ் கறை இருந்தது. எந்தக் கறை எந்தக் கல்யாணத்தில் பட்டது என்று அவர் பார்த்தவுடன் சொல்வார். அவருடைய தம்பி தனசேகரன் கள்ளக்குறிச்சியில் உர ஏஜென்சி நடத்துகிறவர், சொந்தக் கார் வைத்திருக்கிறவர். ஒருநாள் அந்தக் கறைகளைப் பார்த்து, "அக்கா, நீ மாமாவக் கட்டிக்கினியா, டிராக்டரக் கட்டிக்கினியா?" என்று கேட்டுவிட்டார்.  அடுத்த வாரம் ராஜாங்கம் அவரையே கூட்டிக்கொண்டு கார் ஷோரூமுக்குப் போனார்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதில் ஊருக்குக் கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், புறவழிச் சாலையோரம் கண்ணாடிச் சுவர் வைத்த கார் ஷோரூம்கள் வந்தன. அதில் ஒன்றில், கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு தம்பி வரவேற்றார். ராஜாங்கம் கடைசிவரை அவர் பெயரைக் கேட்கவில்லை. இவர் மனதில் அவர் அட்டைத் தம்பி.

"ஆட்டோமேட்டிக் பாக்குறீங்களா சார், மேனுவலா?"

"ஆட்டோமேட்டிக்னா?"

"கிளட்ச் இருக்காது சார். கியர் அதுவே மாறிக்கும்."

"கியர் போடத் தெரியாதவனுக்கு விக்கிற வண்டியா அது?" என்றார் ராஜாங்கம். தனசேகரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடையது ஆட்டோமேட்டிக்.

இருப்பதிலேயே சின்னது, விலை கம்மியானது, கியர் போட்டு ஓட்டும் வெள்ளை வண்டி ஒன்று முடிவாயிற்று. அப்போதுதான் ராஜாங்கம் முக்கியமான கேள்வியைக் கேட்டார். "வாரண்டி எத்தினி மணி நேரத்துக்கு?"

அட்டைத் தம்பிக்குப் புரியவில்லை. "மணி நேரமா?"

"ஹவர் கணக்குபா. டிராக்டருக்கு அப்டித்தான். எத்தினி ஹவர் ஓடிச்சுன்னு மீட்டர்ல காட்டும்."

"கார்ல ஹவர் கிடையாது சார். வருஷக் கணக்கு, இல்ல கிலோமீட்டர் கணக்கு. எது முன்னாடி வருதோ அது."

"அப்ப நின்ன எடத்துலயே என்ஜின் ஓடினா அது எந்தக் கணக்குல சேரும்?"

"நின்ன எடத்துல எதுக்கு சார் ஓட்டப்போறீங்க?"

ராஜாங்கம் அந்தத் தம்பியைப் பரிவோடு பார்த்தார். பாவம், நிற்கும் டிராக்டரின் என்ஜினில் சோளம் அடிக்கும் மெஷின் ஓடுவதைப் பார்க்காமலே வளர்ந்துவிட்ட பிள்ளை. தம்பியும் ராஜாங்கத்தை அதே பரிவோடு பார்த்து ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கையில் கொடுத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் ஊர் வந்து சேர்ந்தது.

கொஞ்ச நாளில் வாசனை வந்தது.

முதலில் மோந்தவர் அம்சவள்ளி. "யாரோ முடியக் கொளுத்துறாப்ல கீதுங்க" என்றார். ராஜாங்கம் வண்டியை ஓரங்கட்டி இறங்கிச் சுற்றிவந்தார். ஒன்றும் தெரியவில்லை. சேதி பரவியதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோல் கலப்படம் என்றார் ஒருவர். என்ஜினுக்குள் எலி செத்துக் கிடக்கும் என்றார் இன்னொருவர். சீட்டு மேல் போட்டுவந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, வெயிலில் அதுதான் நாறுகிறது என்றார் தனசேகரன். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் வண்டி பழசாகிவிடும் என்பது அம்சவள்ளியின் கட்சி. பெட்ரோல் பங்க்கை மாற்றினார்கள், எலியைத் தேடினார்கள், அழுது வடிந்து பிளாஸ்டிக்கையும் பிரித்தார்கள். வாசனை இருந்தது. பிறகு ஒருநாள் சின்னசேலம் ரயில்வே கேட்டில் வரிசையில் நின்று நகர்ந்துகொண்டிருந்தபோது என்ஜின் மட்டும் உறுமியது, வண்டி நகரவில்லை.

கிளட்ச் தகடு கருகிவிட்டது என்றார்கள் ஷோரூமில்.

வேறு எந்தப் பாகத்தைச் சொல்லியிருந்தாலும் ராஜாங்கம் தாங்கியிருப்பார். "கிளட்சா? என்கிட்டயா?" என்று கேட்டார். அட்டைத் தம்பி உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "பொதுவா கிளட்சுக்கு வாரண்டி வராது சார். நீங்க புதுக் கஸ்டமர், அதனால இந்த ஒரு தடவ கம்பெனி செலவுல மாத்தித் தர்றோம்."

ஏன் கருகியது என்று அவர்கள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் ஊர் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தது. அர்த்தம் சொன்னவர் சுப்புராயன். அவர் நிலத்துக்கும் ராஜாங்கம் நிலத்துக்கும் ஒரே வரப்பு. ராஜாங்கம் வாங்கினால் நல்ல வண்டியாகத்தான் இருக்கும் என்று அதே வண்டிக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தவர்.

"குத்தம் அவன் பேர்ல இல்லன்னா எதுக்குபா சும்மா மாத்திக் குடுக்கறான்?"

ராஜாங்கம் யோசித்தார். நியாயமாகப் பட்டது. "வண்டியே கண்டம்தான் போலக்கீது" என்றார்.

கண்டம், அதாவது எதற்கும் உதவாது என்று, கிளட்சே மாற்றாத ராஜாங்கம் வாயால் வந்தபிறகு அப்பீல் ஏது? சுப்புராயன் மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போய்த் தன் பதிவை ரத்து செய்தார். அதற்காகச் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். பிள்ளைகளை ஸ்கூட்டரில் மூன்றாக அடுக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் பழைய வேலையைத் தொடர்ந்தார். போகும்போதெல்லாம் ராஜாங்கம் வீட்டைப் பார்த்து, "நல்ல காலம், சொன்ன" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

புதுத் தகடு போட்ட வண்டியில் பழைய வாசனை திரும்பி வந்தது. ராஜாங்கம் அட்டைத் தம்பியை வரவழைத்து ஓட்டச் சொன்னார். தம்பி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு சேலம் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பினார். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். வாசனை இல்லை. ராஜாங்கம் ஸ்டியரிங்கை வாங்கினார். டோல்கேட் வரிசை முடிவதற்குள் வாசனை வந்துவிட்டது.

"பாருங்க சார். நாங்க ஓட்டினா வரல. நீங்க ஓட்டினா வருது."

"அதத்தான தம்பி நானும் சொல்றன். கோளாறு இருக்குது."

இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இருவருக்கும் தான் வென்றதாகத் தோன்றியது. இரவு சாப்பாட்டின்போது ராஜாங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவனக் கண்டா வண்டிக்குப் பயம். என்னக் கண்டா எளக்காரம். அவ்ளோதான்" என்று முடிவு சொன்னார். அம்சவள்ளி, "மாடா அது?" என்று கேட்டுவிட்டு மோர் ஊற்றினார்.

வெள்ளிமலையில் வேடியப்பன் வீட்டுக் கல்யாணம் வந்தது. மரவள்ளிக்கு உழ வருஷா வருஷம் ராஜாங்கம் கல்வராயன் மலைக்கு டிராக்டரை ஏற்றுகிறவர். வேடியப்பன் அந்த வழியில் வந்த பழக்கம். கச்சிராயபாளையம் தாண்டி மலைமேல் ஏறும் அந்தப் பாதையின் வளைவுகளைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ராஜாங்கம் சொல்வார். அங்கே காரில் போய் இறங்கவேண்டும் என்பது அவருக்கு ஆசையைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒன்று. அம்சவள்ளி கறைபடாத புதுப்புடவையில் முன்னால் உட்கார்ந்தார். தனசேகரனும் அவர் மனைவியும் பின்னால்.

அவர்களுக்கு முன்னே ஒரு மினி லாரி பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு முனகி முனகி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அது நின்றது. ஒவ்வொரு வளைவிலும் ராஜாங்கம் நின்றார். வாசனை வந்தது. தனசேகரன் கண்ணாடியை இறக்கினார்.   ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. என்ஜின் கத்தியது. வண்டி அசையவில்லை.

பின்னால் வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். தெரிந்தவர்தான்.

"இன்னா ராஜாங்கம், டிராக்டர வுட்டுட்டு டப்பாவுல வந்துக்கினு கீற?"

"கம்பெனி கோளாறுபா."

"கோளாற ஓரமாத் தள்ளு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

எல்லோரும் இறங்கிக் காரை ஓரமாகத் தள்ளினார்கள். பிறகு அதே பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார்கள். வேடியப்பன் வாசலில் வரவேற்றபோது, "டிராக்டர் எங்கண்ணா?" என்று கேட்டார். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. சும்மாதான் கேட்டார்.

வண்டியை இறக்கிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோன பிறகு நடந்தது பெரிய பஞ்சாயத்து. அட்டைத் தம்பி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "ரெண்டாவது தடவ வாரண்டியில பண்ண முடியாது சார். கிளட்ச் தகடுங்கறது தேயற பொருள். செருப்பு மாதிரி."

"என் செருப்பு தேயுது. என் டிராக்டர் தகடு தேயலியே. அதுக்கு இன்னா சொல்ற?"

"கிளட்ச் மேலயே கால வெச்சிக்கிட்டு ஓட்டுவீங்களா?"

"இல்ல."

"எல்லாரும் இல்லன்னுதான் சார் சொல்வாங்க."

அம்சவள்ளி குறுக்கே வந்தார். "நான் பக்கத்துலதான தம்பி குந்திக்கினு வரேன். கியர் மாத்தினா மிதிப்பாரு, ஒடனே எடுத்துக் கீழ வெச்சிருவாரு. கோயில் படி தாண்டுறாப்ல தாண்டுவாரு."

அது சத்தியமான வார்த்தை. ராஜாங்கம் சொன்னதும் சத்தியம். கருகிய தகட்டை மேசைமேல் வைத்து, இது ஓட்டிய விதத்தால் வந்தது என்று தம்பி சொன்னதும் சத்தியம். இத்தனை சத்தியம் ஒரே மேசைமேல் சேர்ந்தும் வழக்கு நகரவில்லை. "அப்ப எனக்கு ஓட்டத் தெரியாதுன்றியா?" என்று ராஜாங்கம் கேட்டார். தகட்டுக்கான பில் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. 'ஓட்டுநர் பிழை' என்று இங்கே முடிவானால் நாளைக்கு ஊரில் எவன் தன் நிலத்தில் அவரை இறக்குவான்? அதுதான் பயம்.

கடைசியில் சேலத்திலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றை ராஜாங்கத்திடமும் கேட்டார்.

"கிளட்ச முழுசா மிதிக்கிறீங்க இல்லையா?"

ராஜாங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "முழுசா மிதிக்கிறவன் டிரைவராங்க?"

 தன் திறமையை நிரூபிக்க நல்ல இடம் கிடைத்ததாக ராஜாங்கம் நினைத்தார். நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டிச் செய்து காட்டினார். "பாதி. இம்மாந்தான் மிதிக்கணும். கியர் மாறிடும். முழுசா மிதிச்சா பின்னால மெஷின் நின்னுடும், டிரம்முல சோளம் சிக்கிக்கும். கத்துக்குட்டிங்கதான் அடிவரைக்கும் மிதிப்பானுவ. நான் டிராக்டர்ல ஒக்காந்த நாள்லருந்து முழுசா மிதிச்சதில்ல. எவன வேணாக் கேளுங்க."

எவனையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய டிராக்டரின் கிளட்சுக்கு இரண்டு படி. பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், பின்னால் மாட்டியிருக்கும் மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாக மிதித்தால் இரண்டும் நிற்கும். நல்ல டிராக்டர்க்காரனின் கால் அந்தப் பாதியில் நிற்கப் பழகியது. காரின் கிளட்சுக்கு இரண்டு படி கிடையாது. அதைப் பாதியில் நிறுத்தினால் தகடு பிரிந்தும் பிரியாமலும் உரசிக்கொண்டே இருக்கும், கருகும். ராஜாங்கம் ஒவ்வொரு கேட்டிலும், ஒவ்வொரு டோல் வரிசையிலும், கல்வராயன் மலையின் ஒவ்வொரு வளைவிலும் நின்றது அந்தப் பாதியில்தான்.

அதிகாரி இதை நிதானமாக விளக்கினார். கடைசியில், "ஐயா, நீங்க ரொம்ப நல்லா ஓட்டுறீங்க. அதனாலதான் கருகிடுச்சு" என்றார்.

ராஜாங்கம் அம்சவள்ளியைப் பார்த்தார். அம்சவள்ளி தனசேகரனைப் பார்த்தார். சொன்னது பாராட்டா, திட்டா என்று மூவருக்கும் தெரியவில்லை. பாராட்டு என்றால் வாரண்டி ஏன் இல்லை? திட்டு என்றால் அந்த மனிதர் ஏன் எழுந்து கைகுலுக்குகிறார்?

பில்லைக் கட்டிவிட்டு, புதுத் தகடோடு திரும்பும்போது தனசேகரன் சொன்னார்: "மாமா, இது நம்மோட போவட்டும். ஊர்ல கேட்டா கம்பெனி கோளாறுன்னே சொல்லிடுங்க. கம்பெனிக்காரன் கேக்கவா வரப்போறான்?"

"சுப்புராயன் வண்டிய வேணான்னுட்டானே மச்சான். நான் சொல்லித்தான வேணான்னான்."

"அவன் வேற வாங்கிக்கினு போறான்."

"வாங்கலியே. புள்ளைங்கள ஸ்கூட்டர்ல அடுக்கிக்கினு போறான்."

தனசேகரன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ராஜாங்கமும் அத்தோடு விட்டார். ஆனால் சுப்புராயன் மறுநாள் காலை ஸ்கூட்டரில் போகும்போது, "நல்ல காலம், சொன்ன" என்று கையை ஆட்டியதும் அவருக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இதற்குமுன் அவர் சொன்ன எதுவும் பொய்யாகிப் போனதில்லை. இது ஆகிவிட்டது, ஊர் அதற்கு நன்றி வேறு சொல்கிறது.

காருக்காகக் காலைப் பழக்கினார். ஏரிக்கரைச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு "முழுசா, முழுசா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார்.

"இன்னா மந்திரம் சொல்லிக்கினு வரீங்க?" என்று அம்சவள்ளி கேட்பார்.

"காலுக்குச் சொல்றன்."

கால் கேட்டுக்கொண்டது. வாசனை நின்றது. கொஞ்ச நாளில் சொல்லாமலே முழுசாக மிதித்தது. ராஜாங்கம் சந்தோஷப்பட்டார். சுப்புராயன் கொல்லைக் காட்டில் சோளம் அடிக்கப் போகும்வரை சந்தோஷமாகவே இருந்தார்.

அங்கே சோளக் கதிர் வரிசையாகக் குவித்திருந்தது. டிராக்டருக்குப் பின்னால் மெஷின். கொளஞ்சியம்மாளும் பெண்களும் கூடை கூடையாகக் கதிரை மெஷினில் கொட்டினார்கள். ஒரு குவியல் முடிந்ததும் மெஷினை நிறுத்தாமலே டிராக்டரை அடுத்த குவியலுக்கு நகர்த்துவது ராஜாங்கத்தின் பேர்போன வேலை. நகர்த்தினார். இடது கால் தானாக அடிவரைக்கும் போயிற்று. மெஷினின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து நின்றது. டிரம் நிறையக் கதிர். சிக்கிக்கொண்டது.

அந்தக் கொல்லையில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை.

"இன்னா ராஜாங்கம், மிஷினு பெருமூச்சு வுடுது?" என்றார் கொளஞ்சியம்மாள்.

மூடியைத் திறந்து கதிர்களைக் கையால் பிடுங்கி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். அடுத்த குவியலில் மறுபடியும் நின்றது. சுப்புராயன் வந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "பெல்ட்டு செத்துப்போச்சுபா. இந்த மிஷின நீ வாங்கும்போதே சொன்னேன், பழசு வாணான்னு."

இங்கே தலையை ஆட்டியிருந்தால் போதும். பழியை ஏற்றுக்கொள்ள மெஷின் தயாராக நின்றது. ராஜாங்கம் சீட்டிலிருந்து இறங்கினார்.

"பெல்ட் இல்ல. என் காலு."

பெண்கள் சிரித்தார்கள். ராஜாங்கத்துக்கு இப்படியெல்லாம் பேசவருமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெய்யாத்தான் சொல்றன். சுப்புராயா, நீயும் கேளு. அந்தக் காரு கண்டம் இல்ல. நல்ல வண்டி. நான் டிராக்டர் மாதிரி பாதி மிதிச்சி மிதிச்சி தகட்டக் கருக்கிட்டேன். இப்ப கார் மாதிரி முழுசா மிதிச்சி மிஷின நிறுத்தறேன். நான் சொன்னதக் கேட்டு நீ வண்டிய வுட்டுட்ட. தப்பு என்னுது."

 தன் பெயரைத் தானே இறக்கித் தரையில் வைத்துவிட்டதாக நினைத்தார். யாராவது அதன்மேல் ஒரு மிதி மிதிப்பார்கள் என்று காத்திருந்தார்.

சுப்புராயன் கண்ணைச் சுருக்கினார். "போன மாசம் ஷோரூமுக்குப் போனியே. இன்னா குடுத்தாங்க?"

"ஒன்னும் குடுக்கல. நான்தான் குடுத்தன். தகட்டுக்கு."

"ரிப்பேரானது கம்பெனிக்காரன் வண்டி. காசு நீ குடுத்த. வந்து அவனுக்காவ நீயே பேசற. இத நான் நம்பணும்."

"டீவியில வெளம்பரத்துல வராங்களே, அவங்களும் இப்டித்தான் மூஞ்ச சோகமா வெச்சிக்கினு பேசுவாங்க" என்றார் கொளஞ்சியம்மாள். "உனக்கு இன்னாத்துக்குடா தம்பி இந்த வேல?"

"யக்கா, நீயே பாரு." ராஜாங்கம் ஏறி உட்கார்ந்தார். பாதி மிதித்தார். டிராக்டர் நின்றது, மெஷின் ஓடியது. முழுசாக மிதித்தார். மெஷின் நின்றது. "பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் சுப்புராயன். "மிஷின் நின்னுடுச்சு. பெல்ட்ட மாத்து."

அன்று வேலை ஒருவழியாக முடிந்தது. யாரும் வேறு டிராக்டரைக் கூப்பிடவில்லை. ராஜாங்கம் ஓட்டத் தெரியாதவர் என்று ஒருவரும் நம்பவில்லை. அவர் கம்பெனிக்கு ஆள் ஆகிவிட்டார் என்று மட்டும் எல்லோரும் நம்பினார்கள். பொய் சொல்லாதவர் என்ற பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அது இருந்ததே போனபிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் சுப்புராயன் வீட்டுக்கே வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து அம்சவள்ளி டீ போடப் போனார். சுப்புராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீதான் இப்ப அவங்க ஆளுன்னு ஆயிடுச்சு. நமக்கு இன்னா கம்மி பண்ணுவான், கேட்டுச் சொல்லு. திரும்பியும் புக் பண்ணிக்கறேன்."

"நான் யாரோட ஆளும் இல்ல சுப்புராயா."

"சரி, இல்ல. கேட்டுச் சொல்லு."

"எனக்கு ஓட்டத் தெரியலன்னுதான்பா கொல்லையில சொன்னன்."

சுப்புராயன் அவர் தோளைத் தட்டினார். "இதான் உன்கிட்ட எனக்குப் புடிச்சது. இத்தினி வருசம் ஓட்டியும் தலக்கனம் இல்ல."

ராஜாங்கத்துக்கு ஒரு வழிதான் மிச்சமிருந்தது. சாவியை எடுத்தார். "வா, ஏறு. நீயே பாத்துக்க." சுப்புராயனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கால் முழுசாக மிதிக்க, சத்தமில்லாமல் கியர் விழ, தெருவைத் தாண்டி ஏரிக்கரை மேட்டில் ஏறினார். மேட்டு நடுவில் வேண்டுமென்றே நின்று, வேண்டுமென்றே மறுபடி கிளப்பினார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது. வாசனை இல்லை, புகை இல்லை. சுப்புராயன் மூக்கை வெளியே நீட்டி மோந்து பார்த்தார், உள்ளே இழுத்தும் மோந்து பார்த்தார்.  ராஜாங்கத்துக்கு நெஞ்சு லேசானது. காதால் கேட்டு நம்பாததைக் கண்ணால் பார்த்துவிட்டான். இனி நம்புவான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சுப்புராயன் காரைச் சுற்றிவந்து பானட்டின் மேல் கையை வைத்தார்.

"பாத்துட்டேன் ராஜாங்கம். எனக்கு இந்த வண்டி வாணாம்."

"ஏம்பா, எங்கனா சத்தம் வந்துச்சா?"

"ஒரு சத்தம் வர்ல. அதான் பயமாக்கீது. ரெண்டு தடவ கருகின கண்டம் வண்டி, உன் கால் பட்டதும் பட்டு மாதிரி போவுது. என் கால் உன் காலா? நான் ஓட்டினா ஊர் எல்லையத் தாண்டாது."

அம்சவள்ளி டீயோடு வந்து நின்றார். சுப்புராயன் வாங்கிக் குடித்தார், தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், "நல்ல காலம், ஓட்டிக் காட்டின" என்று சொல்லிவிட்டு நடந்தார்.